இரண்டில் நல்லது

அந்த வீட்டுக் குடைக்கு ஒரு கம்பி கிடையாது. மழை பெய்யாத நாளில் அழகாக விரியும். பெய்தால் மட்டும் ஒரு பக்கம் தொங்கிப்போய், பிடித்திருப்பவர் தோளில் குறி தவறாமல் ஒழுகும். நாற்காலியில் ஒன்றுக்குக் கால் குட்டை. அதில் உட்கார்ந்து பேசுகிறவர் சொல்வதற்கெல்லாம் தானே தலையாட்டிக்கொள்வார். கடிகாரம் ஓடும், ஆனால் அதை நம்பிக் கிளம்பினால் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடியும். ஃபேன் போட்டால் காற்றைவிடச் சத்தம் அதிகம்.

புதிதாக வருகிறவர்கள், ஐயோ பாவம், நொடித்துப்போன குடும்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், அதுவும் கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர். பெண்டாட்டி தையல் வேலை செய்கிறாள். தெருவே அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. குடி, சீட்டு, கடன் என்று எந்தச் சனியனும் வாசல்படி ஏறியதில்லை. பின்னே ஏன் வீடு இப்படி இருக்கிறது என்றால், எல்லாம் அந்தச் சட்டத்தால் வந்த வினை.

சட்டம் இதுதான். வீட்டில் எது இரண்டு இருந்தாலும் ஒன்று இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். அதுவும் இரண்டில் நல்லதுதான் போக வேண்டும். மற்றதை நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நடந்து வரும்போது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்டுக்கொண்ட சட்டம் அது. டெய்லரம்மா அதை மறுக்கமாட்டாள். எளிமையாக வாழ வேண்டும், பகிர்ந்து வாழ வேண்டும் என்று போதகர் அன்றைக்குப் பேசியது அவள் நெஞ்சையும்தான் தைத்தது. கிழிசலையும் உடைசலையும் கொடுத்துவிட்டு ஆண்டவருக்குக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வது கேவலம், கொடுத்தால் நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னதே அவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா வந்திருக்கலாம்.

ஏனென்றால் போகப் போக, நல்லதைக் கொடுப்பது அவர் வேலை, மிச்சத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது இவள் வேலை என்று ஆகிவிட்டது. நல்ல குடை அவர் கையால் போகும். நனைகிற தோள் இவளுடையது. ஒவ்வொரு தடவையும் இவள் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், இருந்த இடத்தில் இருந்தது இருக்காது. "அது எங்கங்க?" என்று கேட்டால் போதும், அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்துவிடும். அந்தச் சாந்தத்தைப் பார்த்தால்தான் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டைக்கு வருகிற மனுஷனோடு சண்டை போடலாம். சாந்தமாக இருக்கிறவரிடம் என்ன செய்வது?

சபையில் பெண்களெல்லாம் சொல்வார்கள், "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

"ஆமா, எல்லாத்தையும் கொடுத்துட்டுத்தானே உக்காந்திருக்கேன்" என்பாள் டெய்லரம்மா. அவர்கள் அதை அடக்கமாக எடுத்துக்கொள்வார்கள்.

மகள் போனில் கேலி செய்வாள். "நல்லவேளைம்மா, நான் ஒத்தையாப் பொறந்தேன். ரெட்டையாப் பொறந்திருந்தா, ரெண்டுல நல்லவளை அப்பா யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பாரு."

எலக்ட்ரீஷியனுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அது அவர் தனியாகப் போட்டுக்கொண்டது. கொடுத்த இடத்தில் நிற்கக் கூடாது. நன்றி வாங்கினால் கொடுத்ததற்குக் கூலி வாங்கின மாதிரி ஆகிவிடுமாம். அதனால் பொருளை வாசலில் இறக்குவார், கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வார், அவர்கள் கண்ணைத் திறப்பதற்குள் சைக்கிளில் ஏறிப் பறந்துவிடுவார். கொடுத்தது என்ன ஆயிற்று, யாருக்கு எப்படிப் பயன்பட்டது என்று அவர் திரும்பிப் பார்த்ததே கிடையாது. அதைப் பெருமை தேடாத குணம் என்று டெய்லரம்மாவும் ரொம்பக் காலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், அந்த வீட்டில் இப்போது தையல் மெஷின் இரண்டு இருந்தது.

ஒன்று மிதி மெஷின். இரும்புச் சட்டத்தில் பூட்டியது, காலால் மிதிக்க வேண்டும், நேர்த்தையல் மட்டும்தான் போடும். இன்னொன்று கரண்டில் ஓடுகிற மோட்டார் மெஷின். வெளியிலிருந்து வந்த துணியையெல்லாம் தைத்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு சேர்த்த காசில் அவள் வாங்கியது. வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை; மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை. அதை வாங்கின அன்றைக்கே புருஷனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இது தொழில் சாமான். ரெண்டுங்கிற கணக்குல இது வராது."

"சரி, சரி" என்றிருந்தார் அவர். அவர் 'சரி' என்பதற்கு அர்த்தம், காதில் விழுந்தது என்பது மட்டும்தான் என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவள் அந்த ஒரு நாள் மறந்துவிட்டாள்.

மோட்டார் மெஷினை நம்பித்தான் பெரிய மருத்துவமனையின் வேலையை ஒப்புக்கொண்டாள். நோயாளிகள் போட்டுக்கொள்கிற அங்கிகள். அந்த ஊர்க் கடைகளையெல்லாம் விட்டுவிட்டு, மேட்ரன் அம்மாள் அவள் தைத்த ஒரு சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவளைத் தேடிக் கூப்பிட்டுக் கொடுத்த வேலை. ஒரே ஒரு நிபந்தனை: எல்லா ஓரத்துக்கும் வளைந்து வளைந்து ஓடுகிற ஜிக்ஜாக் தையல் போட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் வெளுக்கிற துணி. வெறும் தையலாக இருந்தால் நாலு சலவையில் நூல் பிரிந்து தொங்கும். வெள்ளிக்கிழமை கொடுத்துவிட வேண்டும். சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை அவளுக்குத்தான். வராவிட்டால் கடைக்காரன் காத்துக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்குக் காலையில் மருத்துவமனைக்குப் போய், பாக்கித் துணியை வாங்கி, மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தாள். ஜன்னல் பக்கத்து மேஜை மேல் மோட்டார் மெஷின் இல்லை. மேஜை துடைத்துச் சுத்தமாக இருந்தது. எலக்ட்ரீஷியன் எதைக் கொடுத்தாலும் அது இருந்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் போவார்.

மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"என்னங்க" என்றாள். "மெஷின் எங்க?"

அவர் உள்ளேயிருந்து வந்தார். முகத்தில் அந்தச் சாந்தம்.

"நம்ம சபைக்கு ஒரு பொண்ணு வருதுல்ல, கைக்குழந்தைய வச்சிக்கிட்டு. கடைசி பெஞ்சில உக்காருமே. புருஷன் விட்டுட்டுப் போயிட்டானாம். சட்டைக் கம்பெனியில தைச்சிட்டு இருந்த பொண்ணு. கம்பெனிய மூடிட்டான். வீட்டுல வச்சுத் தைக்க ஒரு மெஷின் இருந்தா பொழச்சுக்குவேன்னு சொல்லிச்சு. கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"அதுக்கு?"

"நம்மகிட்ட ரெண்டு இருக்கே."

டெய்லரம்மா குட்டைக் கால் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவளைத் தலையாட்ட வைத்தது. உடனே எழுந்துகொண்டாள்.

"தொழில் சாமான்னு சொன்னேனா இல்லையா? வெள்ளிக்கிழமை அங்கிய எதுல தைச்சுக் கொடுக்கறது? என் தலையிலயா?"

"மிதி மெஷின் இருக்குல்ல. இத்தன வருஷம் அதுலதானே தைச்ச."

"அது ஜிக்ஜாக் போடாது."

"ஆண்டவர் வழி காட்டுவார்."

ஆண்டவர் வழி காட்டமாட்டார் என்று எப்படிச் சொல்வது? புருஷன் அதை வேண்டுமென்றே சொல்வதில்லை, மனசாரத்தான் சொல்கிறார் என்பதும் தெரியும். அதனால் கோபம் உள்ளேயே கிடந்து புழுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதி மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

ஓரத்தை மடித்து மடித்து, துணியை இப்படியும் அப்படியும் திருப்பி, கோணல் தையலாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு அங்கியின் ஒரு கை முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. தைத்ததைத் தண்ணீரில் நனைத்து, சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்து பார்த்தாள். நூல் சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. இதை மேட்ரன் கையில் கொடுத்தால், அந்த அம்மாள் ஒன்றும் சொல்லமாட்டாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள். அவ்வளவுதான், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

எலக்ட்ரீஷியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கொடுத்ததப் போய்த் திரும்பக் கேக்கறதா? அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும்? அதுவும் ஜெபம் பண்ணிக் கொடுத்தது."

"உங்க வேலைப் பைய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்து வந்தார். அவள் அதை மேஜை மேல் கவிழ்த்தாள்.

"இது என்ன? டெஸ்டர். இதுவும் டெஸ்டர். இது கட்டிங் பிளேயர், இதுவும் கட்டிங் பிளேயர். ஸ்க்ரூ டிரைவர் ஒரு குடும்பமே இருக்கு. இதுல நல்லது எது, எப்பக் கொடுக்கப் போறீங்க?"

"அதெல்லாம் தொழில் சாமா..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றுவிட்டார்.

சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போகிற வழியெல்லாம் அவள் ஆண்டவரிடம் பேசிக்கொண்டே போனாள். அதை ஜெபம் என்று சொல்ல முடியாது, பஞ்சாயத்து என்றுதான் சொல்ல வேண்டும். 'நான் கஞ்சப்பிசினாறி இல்ல, உமக்கே தெரியும். என் புதுப் புடவை போச்சு, கேட்டேனா? மகளுக்கு எடுத்து வச்ச பாத்திரம் போச்சு, கேட்டேனா? போர்வை போச்சு, குளிர்ல கெடந்தேன். எல்லாம் சரி. ஆனா கொடுக்கறவர் ஒருத்தர், பறிகொடுக்கறவ ஒருத்தியா இருந்தா, அது தர்மமா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, கொடுக்கட்டுமான்னு என்னைக் கேட்டா அவர் வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்? கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே.' அந்த வார்த்தைக்கு வந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா என்று ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. மோட்டார் மெஷினைக் கொடுத்திருக்கமாட்டாள். சத்தியமாகக் கொடுத்திருக்கமாட்டாள். அதுவும் ஆண்டவருக்குத் தெரியும் என்பதால் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கைக்குழந்தைக்காரியின் அறை ஒரு பெரிய கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. மேலே யாராவது ஏறி இறங்கினால் தலைக்கு மேலே தொம் தொம் என்று கேட்கும். கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சத்துக்காக அப்படித் திறந்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. தரையில் சுத்தமான துணி விரித்து, அதன் மேல் மோட்டார் மெஷின். குழந்தையின் துண்டால் மூடி, ஒயரை அழகாகச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்து, கையில் ஊசி நூலோடு ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

டெய்லரம்மாவைப் பார்த்ததும் அவள் பதறி எழுந்தாள். "அக்கா, வாங்க. நானே வரணும்னு இருந்தேன்."

வழியெல்லாம் ஆண்டவரிடம் பேசி வந்த பேச்சு எதுவும் டெய்லரம்மாவுக்கு இங்கே உதவவில்லை. மெஷினை எப்படிக் கேட்பது? அதனால் சம்பந்தமில்லாமல், "ஏம்மா, மெஷின வச்சிக்கிட்டுக் கையால தைக்கிறே?" என்றாள்.

அந்தப் பெண் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். சுவரைக் காட்டினாள்.

டெய்லரம்மா சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்தாள், இந்தச் சுவரைப் பார்த்தாள். மேலே ஒரு பல்பு தொங்கியது. வேறு ஒன்றும் இல்லை. நாலு சுவரிலும் ஒரு பிளக் பாயின்ட் கிடையாது.

"ஒரு பல்புக்குத்தான்க்கா கரண்டு. வாடகையில அவ்வளவுதான் சேர்த்தி. ஒயர் இழுத்தா அன்னைக்கே காலி பண்ணணும்னு ஓனர் மொதல்லயே சொல்லிட்டார்."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரெல்லாம் பிளக் பாயின்ட் போட்டுக் கொடுக்கிற மனுஷன், கரண்டில் ஓடுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, பிளக் பாயின்டே இல்லாத அறையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணைத் திறந்து சுவரை ஒரு பார்வை பார்க்கவில்லை.

அப்போதுதான் மூலையைக் கவனித்தாள். அங்கே ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு மின்சார அடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன். ஃபேனின் கம்பி வலையில் நீல நூல் சுற்றியிருந்தது. அது அவள் சுற்றிய நூல். வலை கழன்று ஆடாமல் இருக்க அவளே இறுக்கிக் கட்டியது. போன வெயில் காலத்துக்கு முன்னால் சபைக்கென்று வீட்டை விட்டுப் போன ஃபேன். இரண்டில் நல்லது.

"இது?"

"சபையில அக்காமாருங்க கொண்டாந்து கொடுத்தாங்க. யாரு கொடுத்ததுன்னு தெரியாது. நல்லா ஓடும்னு சொன்னாங்க."

"ஓடும்" என்றாள் டெய்லரம்மா. "நல்லா ஓடும். சத்தமே வராது." வெயில் காலம் முழுக்க வீட்டில் அந்த மற்றொரு ஃபேன் கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்ததும், தூக்கம் வராமல் தான் விசிறியோடு புரண்டுகொண்டிருந்ததும், இது இங்கே மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்ததும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. யாருக்கும் உதவாமல் போவதற்கா இவ்வளவு தியாகம்?

"ஏம்மா, நீயாவது வாயத் திறந்து சொல்லக் கூடாதா? இங்க பிளக் இல்லன்னு?"

இப்போது அந்தப் பெண்ணுக்கும் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்திருக்கிறாள் போல.

"எங்கக்கா சொல்றது? வாயத் திறக்கறதுக்குள்ள ஜெபம் ஆரம்பிச்சிடும். ஆமென் சொல்லிக் கண்ணத் திறந்தா ஆள் இருக்கமாட்டாங்க. திருப்பிக் கொடுத்தா திமிரு புடிச்சவம்பாங்க. வித்தா வித்துத் தின்னுட்டாம்பாங்க. குழந்தை கால் நீட்டற இடத்துல எல்லாம் சாமானா நிக்குது. உங்க வீட்டு அண்ணன்கிட்ட நான் கேட்டது பழைய மிதி மெஷின். காலால மிதிக்கறது, கொஞ்ச நாளைக்கு இரவல் கிடைக்குமான்னுதான் கேட்டேன். நல்லதா, புதுசா, சொந்தமா வேணும்னு நான் கேக்கவே இல்ல. அண்ணனுக்கு நான் பேசினதுல பாதிதான் காதுல விழுந்துது."

"பாதியாவது விழுந்துதா" என்றாள் டெய்லரம்மா. "நீ கொடுத்து வச்சவ."

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, வரக் கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு ஒன்று அவளுக்கு வந்தது. டெய்லரம்மாவுக்கும் வந்தது. மேலே படிக்கட்டில் யாரோ தொம் தொம் என்று இறங்கினார்கள். சிரிப்புச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவர்கள் பேசி முடித்தார்கள். அங்கி விஷயத்தை டெய்லரம்மா ஒளிக்காமல் சொன்னாள். "நான் நல்ல மனசோட வரலம்மா. மெஷினப் பிடுங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எடுத்துட்டுப் போங்கக்கா. எனக்கு இடமாவது மிச்சம்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள், "மிதி மெஷின் கிடைச்சா, அங்கிக்கு நேர்த்தையல் எல்லாம் நான் போட்டுத் தரட்டுமா? தோளு, பக்கவாட்டு, கழுத்துப் பட்டி. கம்பெனியில கழுத்துப் பட்டிதான் நான். ஓரம் மட்டும் நீங்க ஜிக்ஜாக் போட்டுக்குங்க. ரெண்டு பேரும் உக்காந்தா வெள்ளிக்கிழமைக்கு முடியும்ல?"

முடியும். டெய்லரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தனியாகத் தைத்தால் கண் பிதுங்கும். இவள் சேர்ந்தால் முடியும். வருகிற கூலியைப் பங்கு வைக்க வேண்டியிருக்கும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதில் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கினாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மூட்டை மாதிரி அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் எலக்ட்ரீஷியன் குட்டைக் கால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் அவள் கொட்டிவிட்டுப் போன சாமான்கள் அப்படியே கிடந்தன. பிளேயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

டெய்லரம்மா மெஷினை இறக்கி வைத்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தாள். ஆனால் ஒன்றைத்தான் சொன்னாள்.

"அந்த ரூம்ல பிளக் பாயின்ட் இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஒரு பல்புதான் இருக்கு. நம்ம நல்ல ஃபேனும் அங்கதான் கெடக்கு. அதுவும் சுத்தவே இல்ல. அந்தப் பொண்ணு உங்ககிட்டக் கேட்டது மிதி மெஷின்."

அவர் முகத்திலிருந்த சாந்தம் போய்விட்டது. அது அப்படிப் போய் அவள் பார்த்ததே இல்லை. நாற்காலி அவரைத் தலையாட்ட வைத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "பிளக் பாயின்ட் இல்லையா" என்று கேட்டார். பிறகு, "நான் எலக்ட்ரீஷியன்" என்றார், யாரோ அதை மறுத்த மாதிரி.

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அவள் கோபம் இறங்கிவிடவில்லை. ஆனாலும் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்தார், வாயைத் துடைத்தார், சடாரென்று எழுந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அப்ப இத இப்பவே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடறேன்" என்று நேரே போய் மிதி மெஷினின் இரும்புச் சட்டத்தில் கைபோட்டார். "கேரியர்ல கட்டினா நிக்கும்." ஒரு பக்கத்தைத் தூக்கியும்விட்டார்.

டெய்லரம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"கீழ வைங்க."

குரல் உயரவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் வைத்துவிட்டார்.

"அது யாரு மெஷின்?"

"நம்ம..." என்றார்.

"யாரு மெஷின்?"

"உன்னுது."

"எங்க அம்மா தைச்சது. அம்மாவுக்கு அப்புறம் நான் தைச்சது. உங்க மகளோட மொத சட்டைலேர்ந்து கல்யாணத் துணி வரைக்கும் அதுலதான். இந்த வீட்டுல இருந்து இத்தன வருஷமா எவ்வளவோ போயிருக்கு. போனது எனக்கு வருத்தம் இல்ல. இருக்கு, கொஞ்சம் இருக்கு, பொய் சொல்லக் கூடாது. ஆனா ஒரு தடவையாவது என்னைக் கேட்டுட்டுப் போயிருக்கா? அந்தப் பொண்ணையும் நீங்க கேக்கல, என்னையும் கேக்கல. ஆண்டவர மட்டும் கேட்டீங்க. அவர்தான் குறுக்க பேச மாட்டாரே."

எலக்ட்ரீஷியன் கை இன்னும் இரும்புச் சட்டத்தின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மெல்ல எடுத்துக்கொண்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார். பெரிய மருத்துவமனைக்கே ஒயர் இழுத்துக் கொடுத்த மனுஷன், தன் வீட்டுக்குள் ஒரு கேள்வியைக் கேட்பதற்கு அவ்வளவு திணறினார்.

"இந்த மெஷின," என்றார், "அந்தப் பொண்ணுக்குக் கொடுக்கட்டுமா?"

டெய்லரம்மாவுக்குப் பதில் தெரியும். படிக்கட்டுக்கு அடியில் அந்தச் சுவரைப் பார்த்தபோதே தெரியும். பாபின் பெட்டியையும் எண்ணெய்க் குப்பியையும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும், பெல்ட் லேசாக நழுவும் என்று சொல்லியனுப்ப வேண்டும் என்றுகூட பஸ்ஸிலேயே நினைத்துவிட்டாள். ஆனால் வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. மோட்டார் மெஷினை மேஜை மேல் தூக்கி வைத்தாள். ஒயரின் முடிச்சை அவிழ்த்துப் பிளக்கைச் சொருகினாள். ஒரு அங்கியை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்து, ஒரு கையின் ஓரம் முழுக்க ஜிக்ஜாக் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

அவர் அதுவரைக்கும் அப்படியே காத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை கேளுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவர் கேட்டார்.